மாவுப்பூச்சியும் மருந்துக் குப்பியும்

பேசின் பிரிட்ஜில் குடியிருப்போருக்குப் பழத்தோட்டத்தைப் பற்றி என்ன கவலை என்று இத்தலைப்பைக் கண்டதும் வாசகர் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். ஒருபுறம் இரயில் தண்டவாளங்கள், மறுபுறம் மின் நிலையம், நடுவே ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் கலக்கும் இடம். இதில் தோட்டம் எங்கே? ஆயினும் நம் தெருக்களில் சற்றே நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். குளியலறைச் சுவரோரம் ஒரு பப்பாளி, கிணற்றடி இருந்த இடத்தில் ஒரு கொய்யா, வாசலில் ஒரு முருங்கை, கொல்லையில் உயர்ந்து நிற்கும் ஒற்றைத் தென்னை என்று இராயபுரம் தொட்டுத் திருவொற்றியூர் வரை வீட்டுக்கு ஒரு மரமேனும் உண்டு. அம்மரங்களைப் பற்றித்தான் குடும்பத் தலைவியர் சிலர் எழுதிக் கேட்டுள்ளனர். பப்பாளி இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கிறதே, அது யாது? கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் மருந்தை அதன்மேல் அடிக்கலாமா?

இரண்டாவது வினாவுக்கு விடை முதலில்: அடிக்கலாகாது. வீட்டுக்குள் மூலைமுடுக்கில் அடிக்கச் செய்யப்பட்ட மருந்து, நாம் உண்ணும் காய்க்கு உரியதன்று. முதல் வினாவுக்கு விடை சற்றே நீளும். ஏனெனில் அந்த வெள்ளைப் பஞ்சுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது.

அதன் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. அதன் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நடு அமெரிக்க நாடுகளும் ஆகும். அங்கிருந்து கரீபியன் தீவுகள், பசிபிக் தீவுகள் எனப் பரவி, 2008ஆம் ஆண்டில் இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் தலைகாட்டியது. அதே ஆண்டு ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் காணப்பட்டது. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் அது நுழைந்துவிட்ட செய்தியை அவ்வாண்டே அறிவியல் உலகுக்கு அறிவித்தவர்களுள் முதன்மையானவர் முனியப்பன் என்னும் பூச்சியியல் அறிஞர். குவாம் தீவில் பணியாற்றிய காலத்திலேயே அப்பூச்சியை நேரில் அறிந்தவர் அவர்.

இப்பூச்சியின் வலிமை அதன் உடலிலே இல்லை, உடையிலே இருக்கிறது. கைபட்டால் நசுங்கிவிடும் மெல்லிய மஞ்சள் உடல்; அதன்மேல் மாவு தூவியதுபோல் மெழுகுப் போர்வை. நாம் தெளிக்கும் மருந்து நீர், தாமரை இலைத் தண்ணீர்போல், அந்த மெழுகின்மேல் உருண்டு ஓடிவிடுகிறது. பெண்பூச்சி தன் பின்புறத்தில் பஞ்சுப் பைபோன்று ஒன்றைச் செய்து, அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. அந்தப் பைக்குள்ளும் மருந்து எளிதில் நுழையாது. போதாக்குறைக்கு, பூச்சி சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் தேன்போன்ற கழிவை உண்ண எறும்புகள் வருகின்றன. உண்ட வீட்டுக்குக் காவல் காப்பதுபோல், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பிற உயிர்களை அவை விரட்டிவிடுகின்றன. அந்தத் தேன் சிந்திய இலையில் கரும்பூசணம் படர்ந்து, இலை கறுத்து, வெயிலை வாங்கமாட்டாமல் மரம் நலிகிறது.

2009, 2010 ஆகிய ஆண்டுகளில் கொங்கு நாட்டு உழவர் பட்டபாட்டைச் சொல்லி முடியாது. பழத்துக்காகவும், காயைக் கீறிப் பாலெடுத்துப் பப்பெயின் செய்வதற்காகவும் பயிரிட்ட பப்பாளித் தோட்டங்கள் வெளுத்து, சுருங்கி, பட்டுப்போயின. பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, பருத்தி, மல்பெரி, செம்பருத்தி, கொய்யா என்று எதன்மேலும் ஏறியது. வயலோரத்துப் பார்த்தீனியக் களையும் அதற்கு விருந்து வீடாயிற்று. கடன் வாங்கி நட்டவன் கையில் கிடைத்த மருந்தையெல்லாம் வாங்கித் தெளித்தான். ஒரு மருந்து பலிக்காவிடில் இரண்டைக் கலந்தான். வாரம் ஒருமுறை அடித்தவன் வாரம் இருமுறை அடித்தான். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சி தப்பியது. போர்வையில்லாத பொறிவண்டும், மாவுப்பூச்சியைத் தின்று வளரும் ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழுவும், சிலந்தியும் செத்தன. பகையைக் கொல்லப் புறப்பட்டு நட்பைக் கொன்ற கதை இது. அடுத்த பத்து நாட்களில் பகை முன்னிலும் பெருகி நின்றது.

மல்பெரி வளர்த்தவர் நிலை இதனினும் கொடிது. அந்த இலை பட்டுப்புழுவுக்கு உணவு. இலையில் நஞ்சு தெளித்தால் மாவுப்பூச்சி சாகிறதோ இல்லையோ, தட்டில் வளரும் பட்டுப்புழு நிச்சயம் சாகும். தெளித்தாலும் இழப்பு, தெளிக்காவிட்டாலும் இழப்பு என்று கைபிசைந்து நின்ற குடும்பங்கள் பல. பூச்சியை ஒழிக்க மருந்து ஒன்றே வழி என்று நம்புவோர், ஒருமுறை அந்த மல்பெரித் தோட்டத்து வரப்பில் நின்று சிந்திக்க வேண்டும்.

அப்படியாயின், மெக்சிகோவில் இந்தப் பூச்சி ஏன் இத்தகைய கேட்டைச் செய்யவில்லை? அங்கே அதற்குப் பிறவிப் பகைவர் உண்டு. நம் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய குளவிகள் அவை. ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லை, கொட்டத் தெரியாது, கூடு கட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் தன் முட்டையைச் செலுத்தும். முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியின் உள்ளிருந்தே அதனை உண்டு வளர்ந்து, இறுதியில் உலர்ந்த கூட்டில் ஓர் ஓட்டையிட்டுக் குளவியாய்ப் பறந்துவிடும். மெழுகுப் போர்வை மருந்தைத் தடுத்தது. இந்த ஊசியைத் தடுக்கவில்லை. மாவுப்பூச்சி கப்பலிலோ விமானத்திலோ கன்றோடும் காயோடும் ஒட்டிக்கொண்டு நம் நாட்டுக்கு வந்தபோது, அதன் பகைவர் உடன் வரவில்லை. சிக்கலின் வேர் இதுவே.

பகைவரையும் அழைத்து வருவதென முடிவாயிற்று. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம், போர்ட்டோ ரிக்கோத் தீவில் அமெரிக்க வேளாண்துறை நடத்திய ஆய்வகத்திலிருந்து மூன்றுவகைக் குளவிகளை 2010ஆம் ஆண்டு வருவித்தது. வந்தவுடன் தோட்டத்தில் பறக்கவிட்டுவிடவில்லை. தனிக்காப்பில் வைத்து, அவை நமக்கு நன்மை செய்யும் உயிர்களைத் தொடுகின்றனவா என்று சோதித்தனர். இச்சோதனை வீண் தாமதமன்று. 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி ஹவாயிலிருந்து ஒரு தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கரும்பு வண்டை ஒழிக்கவில்லை. தானே நாட்டுக்குத் தொல்லையாய்ப் பெருகி, இன்றளவும் அடங்கவில்லை. கண்டதைத் தின்னும் உயிரை அழைத்து வருவது வேறு; ஒரே பூச்சியை நம்பி வாழும் உயிரை அழைத்து வருவது வேறு. பெங்களூர் அறிஞர் இந்த வேறுபாட்டை அறிந்தே நடந்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் குளவிகள் வெளிவிடப்பட்டன. அதன்பின் நடந்ததைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். முளைவிட்ட உருளைக்கிழங்கின்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியை வளர்த்து, பல்கலைக்கழக ஆய்வு நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதனை மாவட்டந்தோறும் பெருக்கி உழவர்க்கு வழங்கின. ஒரு சிறு குப்பியில் நூறு குளவி. அதைத் தோட்டத்து நடுவே திறந்து வைத்தால் போதும். உழவர்க்கு இட்ட நிபந்தனை ஒன்றே: மருந்தடிப்பதை நிறுத்துக. பூச்சி கண்ணெதிரே மரத்தைத் தின்றுகொண்டிருக்கையில் கையைக் கட்டிக்கொண்டிரு என்றால் யாருக்கு மனம் துணியும்? துணிந்தவர் பிழைத்தனர். மூன்று குளவிகளுள் அசிரோபேகஸ் என்னும் மஞ்சள் நிறக் குளவியே சிறப்பாகத் தழைத்து, 2011ஆம் ஆண்டுக்குள் பூச்சியின் கொட்டத்தை அடக்கிவிட்டது. இதனால் விளைந்த பயனைப் பொருளியல் அறிஞர் கணக்கிட்டு 2014இல் வெளியிட்டனர். ஐந்தாண்டுகளில் 52 கோடி டாலர் முதல் 134 கோடி டாலர் வரை என்பது அவர்தம் மதிப்பீடு. இத்தகைய கணக்குகளில் கூட்டல் குறைவு இருக்கலாம். கீழ்த்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இஃது ஏதோ புதுமையான வித்தையென எண்ண வேண்டா. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதிற்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888இல் ஆல்பர்ட் கீபெல் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிவப்புப் பொறிவண்டை அனுப்பி அத்தோட்டங்களைக் காத்தார். அதே செதிற்பூச்சி 1920களின் இறுதியில் நம் நீலகிரியில் சீகை மரங்களில் தோன்றியபோது, அதே பொறிவண்டு இங்கும் வரவழைக்கப்பட்டது. அண்மையில், மரவள்ளிக்கே உரிய மற்றொரு மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் பகுதிகளில் பரவியபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவியைக் கொணர்ந்து 2022இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் வெளியிட்டனர்.

மருந்தைக் குறைக்க வேண்டும் என்று இத்துணை வற்புறுத்துவது ஏன்? துறைமுகத்தில் மூட்டை இறக்கும் நம் குடும்பத்தார்க்கு இதை விளக்கத் தேவையில்லை. 1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் உணவு உண்ட மக்கள் கொத்துக் கொத்தாய் மயங்கி விழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் கோதுமை மாவும் ஒன்றாக ஏற்றப்பட்டு, நஞ்சு கசிந்து உணவில் கலந்திருந்தது. நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்தது. அதன் விளைவாகவே 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் பிறந்தது. இன்று ஒவ்வொரு மருந்துக் குப்பியிலும் சாய்சதுரம் ஒன்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சளாயின் கொடியது, நீலமாயின் நடுத்தரம், பச்சையாயின் குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறியும்படி அமைந்த அடையாளம் அது. ஊரில் நிலம் வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குச் செல்லும்போது, பரணில் இருக்கும் குப்பியைத் திருப்பி அந்த நிறத்தைப் பாருங்கள். சோடாப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தால், அதை அன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறைக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பாம்பைவிட அது ஆபத்தானது.

சட்டம் வந்தபின்னும் துயரம் ஓய்ந்ததா? காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்க, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தனர். கீழே வீடுகளும் கிணறுகளும் இருந்தன. அவ்வூர்களில் பிறந்த குழந்தைகளின் நிழற்படங்களைச் செய்தித்தாள்களில் கண்டவர் மறந்திருக்க மாட்டார். 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. 2017இல் பாதிக்கப்பட்டோர்க்கு ஆளுக்கு 5 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. மரத்தில் இருக்கும் பூச்சிக்கு வானத்திலிருந்து மருந்து பொழிவது எத்தகைய அறிவுடைமை என்று நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

இவ்வளவு சொன்னதால், பூச்சிமருந்தே கூடாது என்பாரோடு நான் சேர்ந்துவிட்டதாகக் கருத வேண்டா. மாமரம் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி கிளைதோறும் மொய்க்கையில், கடன்பட்ட விவசாயியிடம் வேப்பெண்ணெய் ஒன்றே போதும் என்று அடித்துச் சொல்ல எனக்கு நா எழாது. எப்போது, எவ்வளவு, எதன்மேல் என்ற மூன்று கேள்விகளே முக்கியம். பூக்கள் முழுதும் விரிந்திருக்கும் நாட்களில் தெளித்தால், மகரந்தம் சுமக்கும் ஈயும் தேனீயும் மடிந்து, பூ இருந்தும் பிஞ்சு இராது.

அளவறிந்து நஞ்சைப் பயன்படுத்துவதற்குப் பழ ஈயைப் பிடிக்கும் பொறியே சிறந்த சான்று. மாம்பழத்தையும் கொய்யாவையும் அறுத்தால் உள்ளே நெளியும் வெண்புழுவைக் காணாதார் யார்? அது பழ ஈயின் குஞ்சு. தாய் ஈ காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழு உள்ளே இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதனை எட்டாது. பிகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்பவர், கொசுவை விரட்டப் பயன்படும் சிட்ரோனெல்லா எண்ணெயை நாடிப் பழ ஈக்கள் வருவதைக் கவனித்து 1912இல் எழுதினார். கொசுவை விரட்டும் எண்ணெய் பழ ஈயை ஈர்க்கிறது! வந்தவை அனைத்தும் ஆண் ஈக்கள். பின்னர் ஆராய்ந்து, ஈர்ப்பது மெத்தில் யூஜினால் என்னும் பொருள் என்று கண்டார். சிலவகைத் துளசியிலும் அப்பொருள் உண்டு. இன்று சிறு மரக்கட்டையை மெத்தில் யூஜினாலிலும் சிறிது பூச்சிக்கொல்லியிலும் ஊறவைத்து, துளையிட்ட புட்டிக்குள் தொங்கவிடுகின்றனர். ஏக்கருக்கு நான்கைந்து புட்டிகள். நஞ்சு புட்டிக்குள் அடங்கியிருக்கிறது. பழத்தில் ஒரு துளியும் படுவதில்லை. ஆண் ஈக்கள் மாண்டுவிட்டால் பெண் ஈ இடும் முட்டை பொரியாது. ஆனால் ஒருவர் தோட்டத்தில் மட்டும் கட்டிப் பயனில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து கருவுற்ற பெண் ஈ பறந்து வந்துவிடும். ஊர்கூடிச் செய்தால்தான் பலிக்கும்.

இந்த ஈயால் நாட்டுக்கே தலைகுனிவு நேர்ந்ததும் உண்டு. ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்ற மாம்பழங்களில் பழ ஈ காணப்பட்டதால், 2014 மே முதல் நாளிலிருந்து இந்திய மாம்பழத்துக்கு அந்நாடுகள் கதவடைத்தன. 2015 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தன. பழத்தை 48 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் உள்ளிருக்கும் முட்டையும் புழுவும் அழியும், பழம் கெடாது. நஞ்சு தொடாமலே செய்யக்கூடிய வேலை இது.

இனி நம் கொல்லைக்கு வருவோம். பப்பாளியில் மாவுப்பூச்சியைக் கண்டால், முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும். தண்டைச் சுற்றித் துணியோ தடித்த தாளோ கட்டி, அதன்மேல் கிரீசைத் தடவுக. பட்டையின்மேல் நேரே தடவினால் மரம் புண்படும். பின்னர் குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுக. மிகுதியாயிருந்தால், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், அது நீரோடு கலக்கச் சிறிது சோப்பும் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். ஊரிலிருந்து வேப்பங்கொட்டை வருமாயின் இன்னும் நன்று: 50 கிராம் பருப்பை இடித்து இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஒரு லிட்டராக்கிக்கொள்க. மாவுப்பூச்சி படிந்த இலைகளையெல்லாம் ஒரே நாளில் வெட்டி எரித்துவிட வேண்டா. பூச்சிகளை உற்றுப் பாருங்கள். வெண்மை மாறிப் பழுப்பாகி, உப்பி, ஓட்டையோடு சில கிடந்தால், குளவி உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்த இலைகளை மரத்தடியிலேயே விட்டுவிடுங்கள். இன்னும் பிறக்கவேண்டியவை அதற்குள் இருக்கின்றன.

தென்னை ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாய்க் காண்பது 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் காணப்பட்ட வெள்ளை ஈ. அதற்கும் மருந்து தேடி ஓட வேண்டா. அதனைத் தின்னும் சிறு குளவி தானே பரவியிருக்கிறது. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டினால் பறக்கும் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். ஓலை கறுத்துக் கிடப்பதைக் கண்டு மரமே போயிற்றென்று வெட்டிவிடாதீர்கள்.

கொய்யாவுக்குப் பொறியைவிடப் பையே மேல். காய் எலுமிச்சம்பழ அளவு ஆனவுடன் பழைய வேட்டித் துணியில் சிறு பை தைத்து மூடிவிட்டால் பழ ஈ அண்டாது, அணிலும் யோசிக்கும். உதிர்ந்த பழத்தை மரத்தடியில் விடாமல் அன்றன்றே பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். இடமில்லாதோர் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நான்கு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டு வைத்தாலும் புழு மாண்டுவிடும். அவ்வாறு செய்யாமல் கால்வாயோரம் எறிந்தால், அப்புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகி, அடுத்த தெருக் கொய்யாவுக்குப் போய்ச் சேரும். பையைக் கட்டும்போது, உள்ளே எறும்போ மாவுப்பூச்சியோ இல்லையென்று பார்த்துக் கட்டுக. இருந்தால், பைக்குள்ளேயே அவை பத்திரமாய்ப் பெருகிவிடும்.